குருசடைத் தீவும் கிணற்று நீச்சலும்

குருசடைத் தீவுக்குப் போகிறோம், முன்அனுபவம் உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம். அன்றைய கட்டணங்கள் உங்களுக்குச் சிரிப்பு மூட்டும். கடல் மாறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்போது மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பாட்டிலில் ஊறிக் கிடக்கும் மீன்களையே ஏழு வருடம் துடைத்து வைத்தவனுக்கு, உயிரோடு நீந்துவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பேராசிரியர் ஒருவர் அனுமதிக் கடிதம் வாங்கித் தந்தார். தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் இரண்டு ஜோடி அவரே கொடுத்தார்.

துணைக்கு என் மனைவியின் அண்ணன் ஒச்சப்பன் வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலமும் மாடுகளும் வைத்திருந்தார். மூன்று ஆள் ஆழக் கிணற்றில் மூழ்கி, விழுந்த குடத்தை எடுத்து வரும் ஆள். "ஒத்தையில போகாதீக மாப்ள, நான் வாரேன்" என்றார். அவர் மனைவிக்கு அது ஏழாம் மாதம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். தப்பித்தால் போதும் என்றுதான் கிளம்பினார் என்பது என் சந்தேகம். "அண்ணனப் பத்திரமாக் கூட்டியாந்துருங்க" என்று என் மனைவி சொன்னபோது எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்தது. எனக்கு நீச்சல் அரைகுறை.

காலை ஆறு மணிக்கு ராமேஸ்வரம் பாசஞ்சர். மண்டபம் வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். மானாமதுரையில் இட்லி சாப்பிட்டோம். கண்மாய் வரும்போதெல்லாம் மச்சான் எட்டிப் பார்த்து, "இம்புட்டுத்தான் தண்ணியா?" என்று அந்த ஊர்க்காரர்களுக்காக வருத்தப்பட்டார். பதினொன்றரைக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தோம். காலையில்தான் கடல் தெளிவாக இருக்கும் என்று படகுக்காரர் சீனி அண்ணன் சொன்னதால் அன்று லாட்ஜில் தங்கினோம். அறை வாடகை பன்னிரண்டு ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம்.

மறுநாள் ஏழு மணிக்குச் சீனி அண்ணனின் வள்ளத்தில் ஏறினோம். போக வர அறுபது ரூபாய். எட்டேகாலுக்குத் தீவு வந்துவிட்டது. கரையில் உள்ளான் பறவைக் கூட்டம், ஓடு சுமந்து திரியும் நண்டுகள், தூரத்தில் ஏழெட்டுப் பூநாரைகள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பவளப்பாறை இருக்கும் இடத்தில் வள்ளத்தை நிறுத்தினோம். சீனி அண்ணன் இரண்டு கயிறுகளை எடுத்துப் போட்டார்.

"இடுப்புல கட்டிக்கங்க. இங்கிட்டு நீவாடு இழுக்கும்" என்றார். நீவாடு என்றால் கடலின் ஓட்டம்.

எங்கள் பக்கம் இடுப்பில் கயிறு கட்டுவது நீச்சல் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். மீசை வைத்த ஆள் கயிறு கட்டி இறங்கினான் என்று தெரிந்தால் ஊர் ஒரு வருடம் சிரிக்கும். "மாப்ளைக்குக் கட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மச்சான் குதித்துவிட்டார். நான் வெட்கப்படாமல் கட்டிக்கொண்டேன்.

உள்ளே பார்த்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. பாட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்த மீன்களுக்கு இவ்வளவு மஞ்சளும் நீலமும் இருந்தது ஏழு வருடமாக எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கினேன். மச்சானைக் காணவில்லை.

சீனி அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். இருநூறு முந்நூறு கஜத்துக்கு அப்பால், அலைக்கு நடுவே மூச்சுக்குழாய் மட்டும் தெரிந்தது. கிணற்றில் பழகியவர்கள் நீந்தும்போது எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் போனாலும் கல்சுவர் கைக்கு வந்துவிடும். தொண்டை கிழியக் கத்தினோம், அவர் திரும்பவில்லை. நான் வள்ளத்தில் ஏறியதும் நங்கூரத்தைத் தூக்கி, துடுப்புப் போட்டு நெருங்கப் பத்து நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அந்தக் குழாயும் மறைந்தது. நிறைமாதமாகப் போகிற அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன் என்று நான் அழுதேவிட்டேன்.

தோளைப் பிடித்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டோம். அடுத்த நொடி என் கை அவர் கன்னத்தில் விழுந்தது. என்னைவிட மூத்தவர், பெண் கொடுத்த வீட்டு ஆண்பிள்ளை. எங்கள் சொந்தத்தில் இதற்கே உறவு அறுந்துபோகும். சீனி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏன் மாப்ள? நான் இங்கனதான கெடந்தேன்" என்றபடி மச்சான் தீவு இருக்க வேண்டிய பக்கம் திரும்பினார். அது அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "எரும கணக்கா ஒண்ணு, கன்னோட புல்லு மேஞ்சுச்சு. மேஞ்சுக்கிட்டே போச்சா, நானும் பின்னாடியே போனேன்."

"ஆவுளியா!" என்றார் சீனி அண்ணன். "கடல்பசு. நானே உசுரோட ரெண்டு தடவதான் பாத்திருக்கேன்."

"அப்புறம் மச்சான்?" என்று நான் ஆவலாகக் கேட்டேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு சீனி அண்ணனிடம் திரும்பி, "கரைக்கு விடுங்கண்ணே" என்றார்.

இப்போது போகிறவர்களுக்கு: அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆகிவிட்டது. எங்களைப் போல நினைத்த இடத்தில் இறங்க முடியாது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மிதவைச் சட்டை கொடுத்தால் மீசையை நினைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் படகு எங்கே என்று பாருங்கள். பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள்.

மச்சானுக்கு வைகாசியில் மகள் பிறந்தாள். ஆவுளியா கன்றுக்குப் பால் கொடுத்த விதம், மூச்சு வாங்க மேலே வந்த விதம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம் என்று என் மனைவி சொல்வாள். அடித்ததற்கு நான் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அத அன்னிக்கே மறந்துட்டேன் மாப்ள" என்பார். ஆனால் அந்தக் கதையை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால், இன்றைக்கும் பாதியில் நிறுத்திவிட்டு, "சாப்புட்டீகளா?" என்று கேட்கிறார்.