மேட்டு வயலின் எடை

வயல் நன்றாக விளைந்துவிட்டதே என்று ஒரு சம்சாரி பயப்படுவானா? சங்கிலிபூதத்தானைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, ஆற்றுக்கால் பாசனத்தில், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக அவருக்கு வயல் இருந்தது. பயம் அவருக்குப் புதிதல்ல. கரண்ட் பில்லை முதல் நாளே கட்டிவிடுவார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மனைவி பார்வதியம்மாளிடம் நீட்டிவிடுவார். பயிர் எப்படி என்று கேட்டால் "ஏதோ கெடக்கு" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று தொடங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். அவரோ அளந்து முடித்த கணக்கைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கண் பட்டுவிடும்.

அந்தப் பிசானப் பருவத்தில், தை மாதக் கடைசியில், பெய்யக்கூடாத மழை பெய்தது. கதிர் முற்றி நின்ற பள்ள வயல்கள் தண்ணீருக்குள் படுத்துவிட்டன. நெல் தாளிலேயே முளைவிட்டது. சங்கிலியின் வயல் மேட்டில் இருந்தது. அங்கே நின்ற தண்ணீர் பொழுது சாய்வதற்குள் வடிந்து, பயிர் அப்படியே நின்றது.

ஊருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை பயிர்க் காப்பீடு. அதில் ஒவ்வொருவர் வயலையும் பார்ப்பதில்லை. கிராமத்துக்கு நான்கு வயல்களைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சதுரத்தை அளந்து, அறுத்து, அடித்து, நிறுப்பார்கள். நான்கின் சராசரி அரசு வைத்த அளவுக்குக் குறைந்தால் ஊருக்கே இழப்பீடு வரும். கூடினால் ஒருவருக்கும் கிடையாது. நான்காவதாக விழுந்தது சங்கிலியின் சர்வே எண்.

"என்னவே சங்கிலி, ஊரு முழுக்கத் தண்ணியில கெடக்கு, உம்ம வயலு மட்டும் புதுமாப்பிள்ள கணக்கா நிக்கு" என்றார் பெருமாள்ராஜ், டீக்கடையில். பள்ளத்தில் இருந்த அவருடைய வயலில் ஒரு மணி தேறவில்லை.

"நான் என்னவே செய்ய? அது மேட்டுல கெடக்கு."

"மத்த மூணையும் அறுத்தாச்சு. மூணுலயும் பாதி வெளச்சல்தான் தேறிச்சு, இழப்பீட்டுக்கு அது போதும். உம்ம ஒரு சதுரம் எல்லாத்தையும் தூக்கிவிட்டுரும். அப்புறம் ஊரு வாயில மண்ணுதான்."

"எருமைய அவுத்து விட்டுரவா?"

"எருமை மேஞ்ச வயல ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாவ. கதிரடிக்கது நம்ம ஆளுவதான? பைய அடிக்கச் சொல்லும்."

ஊரில் அறுவடை முழுக்க மிஷின்தான். பரிசோதனைச் சதுரத்தை மட்டும் கையால் அறுத்து, கட்டாகக் கட்டிக் கல்லில் அடிப்பார்கள். ஓங்கி அடித்தால் நெல் முழுக்க உதிரும். பைய அடித்தால் பாதி நெல் தாளோடு போய்விடும். பார்ப்பவர் கண்ணுக்கு அடித்த மாதிரியே இருக்கும். அடிக்கப்போவது முத்துராணி. அவள் வயலும் பள்ளத்தில்தான்.

சங்கிலி தலையாட்டினார். முத்துராணியிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிடிபட்டால் ஜெயில் என்று ஒரு நேரம் தோன்றும். செய்யாவிட்டால் இந்த ஊரில் நல்லது கெட்டதுக்கு ஒருவன் வாசல் மிதிக்க மாட்டான் என்று இன்னொரு நேரம் தோன்றும். விடிந்ததும் வயலுக்குப் போவார். புகையான் பூச்சி விழுந்திருக்கிறதா என்று தூரைப் பிரித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. கதிர் நேற்றைவிடக் கனத்துத் தொங்கும். அதைப் பார்த்தபடி வரப்பிலேயே நிற்பார்.

"வெளஞ்ச வயலப் பாத்துக் கும்பிடாம, எழவு வீட்டு வாசல்ல நிக்க மாதிரி நிக்கிய" என்றாள் பார்வதியம்மாள். "நாட்டுல நெல்லு குமிஞ்சு கெடக்குன்னு டிவியில சொல்லுதான். கடையில அரிசி வெலைய ஏத்திட்டான். எதைத்தான் நம்ப?"

அவர் குனிந்து அடுத்த தூரைப் பிரித்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து பெர்சிஸ் என்ற இளம் அதிகாரி வந்தார். தராசு, கயிறு, முளைக்குச்சிகள், ஒரு தார்ப்பாய். போன் செயலி காட்டிய இடத்தில் சதுரம் கட்டினார். வரப்பில் ஊர் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சங்கிலியைப் பார்க்கவில்லை.

ஏதாவது பேச வேண்டும் என்று, "இந்த எடை எங்கம்மா போவும்?" என்று கேட்டார்.

"மாவட்டத்துக்கு, சென்னைக்கு, அப்புறம் டெல்லிக்கு" என்றார் பெர்சிஸ், கயிற்றை இழுத்துக் கட்டியபடி. "நாடு முழுக்க இப்படிச் சதுரம் சதுரமா நிறுத்துத்தான் இந்த வருசம் வெளச்சல் எவ்வளவுன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, அங்கேருந்து வாங்கணுமா, அரிசி வெலை என்ன ஆவும், அதெல்லாம் அப்புறம்தான்."

"இந்தச் சதுரத்த வச்சா?"

"இதுவும் அதுல உண்டு."

அதுவரை அவர் பயந்தது ஊருக்கும் போலீசுக்கும். இப்போது வந்த பயத்துக்கு முகம் இல்லை. இந்த எடையை நம்பி யாரோ எங்கேயோ உலை வைத்திருக்கிறார்கள் என்பது மாதிரி ஒன்று. அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அறுத்த கட்டுகளை முத்துராணி அடித்தாள். கை உயர்ந்தது, கல்லில் விழும்போது தளர்ந்தது. அடித்த கட்டுகளைத் தார்ப்பாயின் ஓரத்தில் போட்டாள். தார்ப்பாயில் நெல் சிறிய குவியலாகக் கிடந்தது.

"பதரு காத்துல பறந்துராமப் பாத்துக்கிடுங்க மேடம்" என்றார் பெருமாள்ராஜ். வரப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அடிச்சாச்சாக்கா?" என்றபடி பெர்சிஸ் தராசைச் சரிபார்க்கக் குனிந்தார்.

"ஆச்சு."

சங்கிலி எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயில் ஏறினார். ஓரத்தில் கிடந்த ஒரு கட்டை எடுத்து, தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அறைந்தார். நெல் சிதறியது.

"அண்ணாச்சி, அது அடிச்ச கட்டு" என்றாள் முத்துராணி.

அவர் இன்னொரு முறை அடித்தார். பிறகு அடுத்த கட்டை எடுத்தார்.

அந்த ஆண்டு ஊருக்கு இழப்பீடு வரவில்லை. பெருமாள்ராஜ் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனார். அடுத்து வந்த கார் பருவத்தில் சங்கிலியின் மடைக்குத் தண்ணீர் எல்லோருக்கும் கடைசியாகத்தான் திறந்துவிடப்பட்டது, அவர் முறையிடவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று முத்துராணி அழுதுகொண்டே கேட்டாள். பார்வதியம்மாள் சண்டை போட்டுக் கேட்டாள். நேர்மை என்று சொல்பவர்கள் உண்டு; விளைச்சல் மேல் இருந்த பெருமை என்பவர்களும், பயம் முற்றிப் புத்தி பேதலித்தது என்பவர்களும் உண்டு. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. ஓங்கி ஓங்கி, கடைசிக் கட்டு வரைக்கும் அடித்தார் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும்.