ராஜகோபால் சார் கேட்ட கையெழுத்து

ஜெரூஷா ஆசிய அளவிலான மும்முறை தாண்டுதலில் வெள்ளி வாங்கிக்கொண்டு அஸ்தினாபுரம் திரும்பிய மறுநாளே, குரோம்பேட்டையில் ஃப்ளெக்ஸ் முளைத்துவிட்டது. 'எங்கள் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் அவளுடைய பழைய கோச் ராஜகோபால் சாரின் முகம், அவள் முகத்தைவிடப் பெரிதாக. கண்டுபிடிப்பாம்!

பதினாறு வயதில் மாவட்டப் போட்டியன்று அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. "சும்மா சீன் போடாத, குதி" என்று அதட்டினார். குதித்தாள், எலும்பு முறிந்தது. கட்டோடு வந்து நின்றவளைப் பார்த்து, "நொண்டிக்கெல்லாம் இங்க எடமில்ல, கெளம்பு" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் ஒரு நாளும் மன்னிக்கவில்லை.

அவளை மறுபடி குதிக்க வைத்தவள் குல்ஷன். பழைய மாநில வீராங்கனை. மறைமலை நகர் கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தாம்பரம் மைதானத்துக்கு ஓடி வந்து ஒன்பது வருஷம் மணல்குழியைக் கிளறியவள். ஃப்ளெக்ஸில் அவள் பெயரே இல்லை.

ராஜகோபால் போன் செய்தார். "சிறந்த பயிற்சியாளர் விருதுக்கு அப்ளை பண்றேம்மா. கோச் யாருன்னு நீ கையெழுத்து போட்டுக் குடுத்தாத்தான் எடுத்துப்பாங்க. பாராட்டு விழா மேடையிலயே போட்டுடு."

"கண்டிப்பா வர்றேன் சார்." இத்தனை பணிவாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

மண்டபம் நிறைய அவருடைய மாணவர்கள், பெற்றோர்கள். பொன்னாடை போர்த்தி, படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். ஜெரூஷா மைக்கைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு கேள்வி சார். நான் எந்தக் கால்ல எழும்புறேன்?"

"இது என்னம்மா கேள்வி? ரைட்டு! நான் சொல்லிக் குடுத்ததாச்சே!"

முதல் வரிசையில் குல்ஷன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத நீங்க ஒடிச்சிட்டீங்க சார். அப்புறம் எனக்கு லெஃப்டுதான். குல்ஷன் அக்காதான் ரெண்டு வருஷம் கால மாத்திப் பழக்குனாங்க. என் ஜம்ப்ப நீங்க டிவிலகூட பாத்ததில்லையா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மண்டபம் முழுக்கப் பரவியது. ராஜகோபால் மைக்கை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். ஆஹா, எத்தனை வருஷம் காத்திருந்தாள் இதற்கு!

நிதானமாகப் படிவத்தில் பயிற்சியாளர் பெயர் கேட்ட இடத்தில் 'குல்ஷன்' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். இரண்டு கையாலும் அதை அவரிடமே நீட்டினாள்.

"கடைசி தேதி நாளைக்கு சார். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."