ஹுன்னஸ்கிரியவில் பெரியப்பாவின் பக்கத்தில் இருப்பவர்

ஞாயிறு காலை கண்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது பெரியம்மாவின் அழைப்பு வந்தது. "பெரியப்பா போயிட்டாருப்பா. ஹுன்னஸ்கிரியவுல அவங்கப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒடனே வா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

பெரியப்பா மாரிமுத்து வத்தேகம சந்தையில் மூட்டை தூக்கியவர். வாய் ஓயாதவர், கடைக்காரரைக் கேலி செய்துகொண்டே அவர் மூட்டையைச் சுமப்பார். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, என் அப்பாவுடன் பன்வில உறவினர் வீட்டில் வளர்ந்தார். சாவு வீடுகளில், "எங்கப்பன எங்க பொதச்சாங்கன்னுகூடத் தெரியாத பய நான்" என்று சிரித்தபடி சொல்வார்.

சில வருடங்களுக்கு முன், படித்தவன் என்ற மிதப்பில் நான் அந்த இடத்தைத் தேடப் புறப்பட்டேன். ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றின் தொழிலாளர் பெயர் பதியும் பழைய செக்ரோல் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் கிடைத்தது: கருப்பையா. அங்குள்ள மயானத்தில் அதே பெயர் கீறிய சிமெந்துக் கல்லும் இருந்தது. "அப்பா, ஒங்க மூத்தவன் வந்திருக்கேன்" என்று பெரியப்பா அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பிறகு ஆடி அமாவாசை தவறாமல் வெற்றிலையும் சுருட்டும் கொண்டுபோய் வைத்தார். "எந்தம்பி மகன்தான் எங்கப்பாவக் கண்டுபிடிச்சுக் குடுத்தான்" என்று சந்தை முழுக்கச் சொன்னார்.

தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களை வேலை வாங்கிய கங்காணி பெயரை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. பின்னர் வேறொரு தோட்டத்துப் புத்தகத்தில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் எங்கள் குடும்பத்துக் கங்காணியின் கீழ் ஒன்றாக இருந்தார்கள். தாத்தா இறந்ததும் அங்கேதான்.

பெரியப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம், அடுத்த அமாவாசை என்று தள்ளிப்போட்டேன். அவருடைய சந்தோஷத்துக்காக என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் காரணம்.

அந்தக் கல்லின் பக்கத்திலேயே அவரை வைத்தோம். நானும் வாயை மூடிக்கொண்டு மூன்று பிடி மண் போட்டேன்.

திரும்பும் வழியில், வேனில் பெரியம்மா, "இனி அப்பனும் மகனும் ஒண்ணா இருப்பாங்க" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை.

"அப்ப எங்க மாமனாரு எங்கதான் இருக்காரு?"

வேன் வத்தேகம சந்தையைக் கடந்துகொண்டிருந்தது. சந்தைக்கு மேலேயிருந்த தேயிலை மலையைக் காட்டினேன். பெரியம்மா கண்ணாடிப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"மூட்டைய எறக்கி வச்சிட்டு, தெனமும் அந்த மலையப் பார்த்துக்கிட்டுத்தாம்பா ப்ளேன்டீ குடிப்பாரு."

பெரியப்பா, உங்களை யாரோ ஒருவர் பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.