ஞாயிற்றுக்கிழமை போலே

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் காலண்டர் பார்க்கத் தெரியாத முட்டாள். வீட்டுச் சுவரில் மூன்று காலண்டர் தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் வீட்டிலிருந்தபடி டிசைன் வேலை செய்கிறேன். காண்ட்ராக்ட் ஆள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் போகலாம். அந்தப் பயத்தில் யார் எதைக் கேட்டாலும் ‘போலே’ என்று விடுவேன். மலாயில் ‘முடியும்’ என்று பொருள். என் வாயிலிருந்து வந்தால் ‘லீவு வேண்டாம்’ என்று பொருள்.

எங்கள் மாநிலத்தில் பல வருடங்கள் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அக்கரைச் சிங்கப்பூருக்கோ சனியும் ஞாயிறும். நான் இரண்டு கரைக்கும் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் விளம்பரக் கம்பெனிக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாநிலத்து மூவாரில் இருக்கும் மேசை நாற்காலிக் கம்பெனியின் கேட்டலாக்குக்கு. மிஞ்சிய சனிக்கிழமையைக் கோயில் நோட்டீசுக்குத் தாரை வார்த்தேன்.

என் மனைவிக்குப் பாசிர் கூடாங்கில் ஆபீஸ் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. அவள் என்னைக் கல்யாணங்களுக்கு அழைத்துப் போவாள். நான் லேப்டாப்பை அழைத்துப் போவேன். ஒரு மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்து சோபா படத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து, “தம்பி, பழைய பாட்டு ஒண்ணு போடுங்க லா” என்றார். பாட்டுப் போடுகிற ஆள் என்று நினைத்துவிட்டார். போட்டேன். போலேதானே.

பிறகு அரசாங்கமே விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. ஊரே ஞாயிற்றுக்கிழமை தூங்கியது. நான் மட்டும் பழக்கதோஷத்தில் மூவாருக்கு ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்தேன். பதில் திங்கட்கிழமைதான் வரும். ரொம்ப பிசியான கம்பெனி என்று மரியாதையாக நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மனைவியின் அக்கா சிகாமட்டில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். ஞாயிற்றுக்கிழமை. கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். புதன்கிழமை மனைவி என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“லேப்டாப் இல்லாம வர்றீங்களா, இல்ல நான் பஸ் எடுத்துப் போய்க்கவா?”

“வேலைய அப்படியே விட்டுட்டு எப்படி? ஒரு மூலையில உட்கார்ந்து…”

“அக்கா கேட்டா என்ன சொல்ல? பார்க்க மனுசன் போலே இருக்கும், ஆனா மனுசன் இல்லன்னா?”

இது தமிழ்ப் போலே.

காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற வாரம் வேறு. ஆனது ஆகட்டும் என்று மூவார் கம்பெனியின் மேனேஜருக்கு மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை அழித்தேன். பால் காய்ச்சுவது, அது பொங்க வேண்டிய அவசியம், குடும்பத்தில் என் பரிதாப நிலை எல்லாவற்றையும் விளக்கி, இந்த ஒரு ஞாயிறு மட்டும் மன்னிக்க வேண்டும், அடுத்த ஞாயிறு இரண்டு மடங்கு செய்து தருகிறேன் என்று முடித்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி, “இது மெசேஜா, ராஜினாமாவா?” என்றாள்.

அனுப்பிய இரண்டாவது நிமிடமே பதில் வந்துவிட்டது. மனைவி போனைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். அந்த ஞாயிறு லேப்டாப் வீட்டிலேயே கிடந்தது. சிகாமட் போகும் வழியெல்லாம் அவள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அங்கே பால் பொங்கியதும் அக்காவிடமும் படித்துக் காட்டினாள். இரண்டாவது கிண்ணம் பாயசத்தோடு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மேனேஜர் எழுதியது இவ்வளவுதான்:

“தம்பி, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டித்தானே கிடக்கு.”