சின்னத்தாய் எழுதிய பவர்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் பொன்மணி ஏறிவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போர்மேன் தங்கச்சாமியிடம், திரி வெட்ட ஏன் பித்தளைக் கத்தி, இரும்பு ஏன் கூடாது என்று கேட்டாள். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அப்படியென்றால் இந்த வேன் மட்டும் இரும்பு இல்லையா, இது எப்படிக் கேட் வரைக்கும் வருகிறது என்று அடுத்ததைக் கேட்டாள். இவளை வேலைக்கு எடுத்தவன் யார் என்று தங்கச்சாமி சத்தம் போட்டார். எடுத்தவர் அவர்தான்.

அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து தரைச்சக்கரம் சுற்றியவள் சின்னத்தாய். பொன்மணிக்குப் பத்து வயது மூத்தவள், கல்யாணம் கட்டாதவள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பவள். பொன்மணியின் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். வாடகை கொடுக்க முடியாமல் அவள் கைப்பிள்ளையோடு நின்றபோது சின்னத்தாய் சொன்னது ஒரே வார்த்தைதான். "கட்டிலத் தூக்கிட்டு வா." கட்டில் வந்தது. பிள்ளை வளர்ந்து காரியாபட்டியில் வாக்கப்பட்டும் போய்விட்டது. கட்டிலும் பொன்மணியும் அந்த ஓட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

வீடு சின்னத்தாய்க்கு அவள் அப்பா எழுதி வைத்தது. தம்பி காசிராஜன் தன் பங்குக்குப் புஞ்சைக் காட்டை வாங்கி, விற்று, திருப்பூருக்குப் போய் ஆளாகிவிட்டான். போன சித்திரையில் சின்னத்தாய் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரைக்கும் நடக்கிற நிலையில் வீடு வந்து சேர்ந்தாள். பார்க்க வந்த காசிராஜன் அக்காவைப் பார்த்ததைவிட அதிகமாகச் சுவரையும் கூரையையும் பார்த்தான். பொன்மணி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, நீங்கள் இங்கே எத்தனை நாள் இருப்பீர்கள் என்று பட்டும் படாமலும் கேட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பஸ்ஸின் சத்தம் அடங்கியதும் சின்னத்தாய் சொன்னாள். "ஒனக்குப் பவர் எழுதிருதேன். அப்புறம் ஒன்ன இங்கன இருந்து ஒருத்தனும் கிளப்ப முடியாது."

பொன்மணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அழவும் அழுதாள். ஆனால் அழுது முடித்த கையோடு அவளுக்கு வந்த எண்ணம், பவர் என்றால் என்ன என்பதுதான்.

மறுநாள் வேனில் கேட்டாள். கண்ணை மூடியிருந்தவர்கள்கூட இதற்குத் திறந்துகொண்டார்கள். பவர் என்றால் வீட்டுச்சாவியைக் கொடுப்பது மாதிரி என்றாள் ஒருத்தி. இல்லை, அது கிரயமேதான், பெயர் மட்டும் வேறு என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் மூக்கம்மாள், பவர் எழுதிக் கொடுத்த தன் பெரியப்பா நடுத்தெருவுக்கு வந்த கதையைத் தொடங்கி, கம்பெனி கேட் வந்ததால் பாதியில் விட்டாள். ஆளுக்கொன்று சொன்னதில் பொன்மணிக்கு முன்னைவிடக் குழப்பம்தான் மிஞ்சியது.

பொன்மணி தானாகவே ஒரு பதில் வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த பவர் ஒன்று உண்டு. இருக்கன்குடி மாரியம்மனுக்குச் சின்னத்தாய் வருஷா வருஷம் அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். இடுப்பு முறிந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளியில் அவளுக்காகப் பொன்மணி எடுத்தாள். சட்டி பொன்மணி கையில், நேர்த்தி சின்னத்தாயுடையது. அம்மன் ஏற்றுக்கொண்டாள். இதே மூக்கம்மாளின் அம்மா நேர்ந்துவிட்டு ஆடி வருமுன்னே கண்ணை மூடியபோது, மூக்கம்மாள் அந்தச் சட்டியை எடுத்து முடித்தாளே, அதையும் அம்மன் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருத்தருக்காக ஒருத்தர் செய்வது, செய்யச் சொன்னவர் போனாலும் செல்லும். பவரும் இதுதானே என்று அவள் நினைத்தாள்.

நினைத்தாலும் கேட்காமல் இருக்க முடியுமா? லீவு போட்டுவிட்டுச் சாத்தூருக்குப் போனாள். பத்திரம் எழுதும் செய்யது அபுதாஹிரின் கடை பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வந்தவர் உட்கார ஒரு பெஞ்சு. மனிதர் நிதானமானவர். சொத்து விவரம், ஆதார் எல்லாம் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதெல்லாம் அப்புறம் பாய், முதலில் பவர் என்றால் என்னவென்று சொல்லுங்கள் என்று பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் பொன்மணி.

அவர் சொன்னார். ஒருவர் தான் செய்ய வேண்டிய காரியத்தைத் தனக்குப் பதிலாக இன்னொருவர் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் பவர். பொது பவர் என்றால் எல்லாக் காரியத்துக்கும், தனி பவர் என்றால் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும். எழுதிக் கொடுத்தவர் வேண்டாம் என்று நினைத்தால் ரத்து செய்யலாம். சொத்து மட்டும் எப்போதும் எழுதிக் கொடுத்தவருடையதுதான்.

"எல்லாக் காரியம்னா, விக்கலாமா?"

விற்கும் அதிகாரம் எழுதியிருந்தால் விற்கலாம் என்றார். அவர்களுக்குத் தெரியாமலா என்றாள். தெரியாமலும் நடக்கிறது என்றார் அவர். பொன்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கம்மாளின் பெரியப்பா கதையின் மீதிப் பாதி என்னவாக இருக்கும் என்று இப்போது விளங்கியது. சின்னத்தாய்க்கு இது தெரியுமா? தெரிந்திருக்காது. தெரியாமலேதான் அத்தனையும் தூக்கிக் கொடுக்க நிற்கிறாள்.

அடுத்த கேள்வியை அவள் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள். "அக்கா காலத்துக்கப்புறம் பாய்?"

"அன்னைக்கே பவர் முடிஞ்சது. ஆள் இல்லன்னா அதிகாரமும் இல்ல. பவர வச்சுப் பத்திரம் பதியப் போனா, எழுதிக் குடுத்தவுக உசுரோட இருக்காகன்னு டாக்டர்ட்ட சர்டிபிகேட் வாங்கிட்டுப் போகணும்மா."

அதெப்படி என்று அக்னிச்சட்டிக் கதையை எடுத்து வைத்தாள் பொன்மணி. மூக்கம்மாள் எடுத்ததை அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லையா என்று வழக்காடினாள். அபுதாஹிருக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. அம்மனுக்குச் செத்தவர் யார், இருப்பவர் யார் என்று தெரியும், ஆபீசுக்குக் காகிதம்தான் தெரியும் என்றார். சின்னத்தாய் கண்ணை மூடினால் அவளுக்குப் பிள்ளைகள் இல்லாததால் வீடு தம்பிக்குத்தான் போகும் என்றும் சொன்னார். நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்று அக்கா உண்மையாகவே நினைத்தால், உயில் எழுதச் சொல்லுங்கள். இருக்கிற வரைக்கும் வீடு அவருடையது, மனசு மாறினால் மாற்றி எழுதிக்கொள்ளலாம், அவருக்குப் பின்னால் உங்களுடையது. போய்ச் சொல்லுங்கள் என்றார்.

"நான் எப்படிப் பாய் சொல்லுவேன்?"

"இம்புட்டு நேரம் என்னையப் போட்டுத் தொளச்சீகளே. அவுகட்ட ஒரு வார்த்தை கேக்க முடியாதா?"

முடியாது. பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். ஊரில் எல்லாவற்றையும் கேட்ட வாய்க்கு, வீட்டை எனக்குக் கொடுப்பீர்களா என்ற ஒன்றை மட்டும் கேட்க வரவில்லை. அதற்குள்ளே, நீங்கள் எப்போது சாவீர்கள் என்ற கேள்வியும் சேர்ந்து கிடப்பதாக அவளுக்குத் தோன்றியது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தாள். பொது பவராகவே எழுதி வாங்கி, கையோடு மகள் பெயருக்கு மாற்றிவிட்டால் எந்தக் காசிராஜன் வந்து என்ன செய்துவிட முடியும்? அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கட்டிலத் தூக்கிட்டு வா என்று சொன்னவளிடமா?

வீட்டில் சின்னத்தாய் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பொன்மணி செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக, பயமுறுத்தும் பாதியை முதலில் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரி எழுதினா, நாளைக்கே இந்த வீட்ட நான் வித்துரலாமாம்க்கா. ஒங்களுக்குத் தெரியாமலே."

"விப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம்தான் இருக்கிறது விஷயம். நீங்கள் இல்லாத அன்றைக்கு அது செல்லாது என்று சொல்ல வாயெடுத்தவள், "நீங்க..." என்பதோடு நிறுத்திவிட்டு, உரித்த பூண்டுத் தோலை அள்ளி வெளியே கொட்டப் போனாள். திரும்பி வந்து முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

சின்னத்தாய் பூண்டை வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் பதில் தெரிந்தாக வேண்டும் என்று எதையும் கேட்டுப் பொன்மணி பார்த்ததில்லை. இப்போது கேட்டாள்.

"அப்ப எத எழுதுனா, நான் போனப்புறமும் நீ இங்கன இருக்கலாம்?"

"தெரியலக்கா. பாயிட்ட அதக் கேக்கல."

சின்னத்தாயின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"நீயா கேக்காம வந்திருப்ப?"

பொன்மணி முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, உயில் என்று ஒன்று இருக்கிறதாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதை இரண்டு தரம் சொன்னாள். சின்னத்தாய் கேட்டுக்கொண்டு, சரி, அந்தப் பாயை வரச் சொல் என்று மறுபடி பூண்டை எடுத்தாள். அன்றைக்கே காசிராஜனுக்குப் போன் போட்டு அவளே விஷயத்தைச் சொன்னாள். அவன் நெடுநேரம் பேசினான். இவள் உம், உம் என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

இரண்டு காகிதம் தயாரானது. ஒன்று உயில். இன்னொன்று தனி பவர். வீட்டுத் தீர்வை கட்டவும், கரண்டு இணைப்புக்கும், பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குப் போகவும் சின்னத்தாய்க்குப் பதிலாகப் பொன்மணி. அபுதாஹிர் வழக்கமாக எழுதும் வாசகத்தில் விற்கவும் அடமானம் வைக்கவும் என்று ஒரு வரி சேர்ந்தே வந்திருந்தது. அதை எடுத்தாலொழிய வாங்க மாட்டேன் என்று பொன்மணி அடம்பிடித்தாள். எடுத்தபின் முழுவதையும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தன் தொழிலில் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர் யாரும் இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

நடக்க முடியாதவர் என்று மனுக் கொடுத்திருந்ததால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்தார். உயிலுக்குச் சாட்சிகளில் ஒருவர் தங்கச்சாமி. பொன்மணி அதிகாரியையும் துளைப்பதைப் பார்த்து, இந்த வீட்டிலும் இவள் கேள்விதானா என்று கேட்டுக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். சின்னத்தாய் விரலைத் துடைத்துக் கைரேகை மெஷினில் வைத்தாள். யாரும் வற்புறுத்தாமல் சொந்த விருப்பத்தில்தான் எழுதுகிறீர்களா, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும்யா. அந்தக் காகிதம் நான் இருக்கிற வரைக்கும். இந்தக் காகிதம் அதுக்கப்புறம்" என்றாள்.

எல்லோரும் போனபின் பொன்மணி காப்பி போட்டுக் கொண்டு வந்தாள். சின்னத்தாய் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வர்ற ஆடிக்கு என் அக்னிச்சட்டிய நீதான் எடுக்கணும். அதுக்கப்புறம் வர்ற ஆடிக்கும். நான் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. அத எந்த ஆபீசுல எழுதணும்னு பாயிட்ட கேட்டியா?"

"அது கேக்க வேண்டியதில்லக்கா" என்றாள் பொன்மணி.