தொண்டையில் இருந்த ஊர்

அன்று லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் நின்றது மூன்றே பேர்: வீட்டுக்காரியான வயதான நோர்வே அம்மா, நான், நோர்வேயின் பெர்கன் நகரத்திலிருந்து லண்டனுக்கு மாறி வந்து என்னோடு பெயின்ற் அடித்த அண்ணை.

அண்ணை மெலிந்த ஆள். பெயின்ற் வேலைக்கும் ஷேட் பொத்தானைக் கழுத்துவரை பூட்டித்தான் வருவார். எனக்கு மூன்று கிழமையாக வேலை இல்லை. இதுவும் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், "வாயைக் குடுத்திடாதேங்கோ அண்ணை" என்று வரும் வழியில் வான் வண்டிக்குள்ளேயே கும்பிட்டுச் சொல்லியிருந்தேன்.

அவரோ நோர்வே மொழியில் தொடங்கிவிட்டார். அவர் 'ர' சொன்னால் தொண்டைக்குள் கரகரக்கும். அம்மா சிரித்து ஏதோ சொன்னார். இவர் நிமிர்ந்தார். இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். நான் இடையில் புகுந்தேன்.

"வேலை போச்சோ அண்ணை?"

"பொறு தம்பி. இந்த மனிசி நோர்வேயின்ரை வடக்குப் பக்கம். அங்கை நாக்கை உருட்டித்தான் 'ர' சொல்லுவினம். அதுதான் பழசாம், எங்கடை தொண்டை 'ர' வந்தேறியாம்."

"ஓம் எண்டு சொல்லிவிடுங்கோவன்!"

"ஓம் எண்டுதான் சொன்னனான். அது பாரிஸிலை இருந்து கோப்பன்ஹேகனுக்கு வந்து, பிறகுதான் பெர்கனுக்கு வந்தது எண்டு படிச்சவை சொல்லுகினம். வந்தால் என்ன? இப்ப அதைக் கேட்டுத்தானே என்னைப் பெர்கன்காரன் எண்டு கண்டுபிடிச்சவ!"

அம்மா வீட்டுக் கதவின் திறப்பை நீட்டிச் சொன்னதை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார்.

"பெர்கன்காரருக்கு வாய் கூடவாம். சுவரையும் வடிவா அடிக்கட்டாம்."

எட்டாம் வகுப்போடு நின்ற என்னை இங்கே எல்லாரும் எந்த நாடு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவருக்கோ, எந்த நாடு என்று கேட்காமலே அந்த அம்மா ஊரையே சொல்லிவிட்டார். திறப்போடு உள்ளே போன அவரைப் பார்த்தபடி நானும் என் கழுத்துப் பொத்தானைப் பூட்டினேன்.