பெல்மதுளையில் கப்பல் நின்ற நாடகம்

முதல் வாசிப்பிலேயே என் உலகம் உடைந்துபோனது. கதை எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்கு அதைச் சொல்லிவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். நான் எழுத்தாளன் இல்லை. இலங்கையின் இரத்தினபுரிப் பக்கம், பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வருடம், தேயிலையோடு சேர்த்து எதிர்காலத்தையும் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

1. நூறு வருடம் கழித்தும் பெரட்டு

கோயில் திருவிழாவுக்கு வழக்கமாகப் புராண நாடகம்தான் போடுவார்கள். அந்த வருடம் "புதுசா ஏதாச்சும் எழுதிக் குடுங்கய்யா" என்று என்னிடம் வந்தார்கள். விஞ்ஞானக் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாலே வாரத்தில் எழுதி முடித்தேன்.

நூறு வருடம் கழிந்த பின், பூமி சூடேறிக் கடல் பொங்கிவிட்டது. மழை நிற்பதே இல்லை. இரத்தினபுரி தண்ணீருக்குள் கிடக்கிறது. பெல்மதுளைச் சந்தியில் பஸ் திரும்பிய இடத்தில் கப்பல் நிற்கிறது. குருவிட்டையில் மாணிக்கக் குழி தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மூச்சடக்கி முங்கிக் கல் எடுக்கிறார்கள். எங்கள் தோட்டம் ஒரு தீவு. அங்கே 'வெயில் அறை' ஒன்றைக் கட்டி, குடும்பத்துக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்து வெயில் காய்கிறார்கள். ஓயாத மழையில் கொழுந்தை எப்படி வாட வைப்பது என்பதற்கு மட்டும் நான்கு பக்கம் எழுதினேன். கொழுந்து வாட்டும் ட்ரஃப், ஃபேன், ட்ரையர் எல்லாவற்றையும் மழைத் தண்ணீரிலேயே ஓடவிட்டேன். டீமேக்கரின் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

ஃபேக்டரி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து வாடப்போடும் மேல்மாடியில் நடிக்கிறவர்களைக் கூட்டி வாசித்தேன். தீவின் தலைவியாக நடிக்க வந்தவள் புஷ்பம். கொழுந்து எடுப்பவள், ஆற்றோரத்துக் கீழ் லயத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வீட்டில் ஒன்றில், குடியிருந்தாள். பெருமழை வந்தால் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து பாய், அடுப்பு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் அள்ளிப் போகும். ஒரு நாள் ஆட்களையும் கொண்டுபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். 'மேலே மாற்றிக் கொடுங்கள்' என்று தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தோட்டத்து மேனேஜரான துரைக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'கவனிக்கப்படும்' என்றுதான் பதில் வந்தது.

வாசித்து முடித்ததும் புஷ்பம் கேட்டாள்:

"ஐயா, ஒலகமே முங்கிப்போச்சுங்குறீங்க. கப்பல் வந்துருச்சு, மிஷின்ல வெயிலு அடிக்குது. ஆனா தொர பங்களா மட்டும் மேலயே இருக்கு, எங்க லயம் கீழயே கெடக்கு. விடிஞ்சா பேரு குடுத்து வேல வாங்க பெரட்டுக்கு வேற போய் நிக்கிறோம். நூறு வருஷத்துல எங்களுக்கு மட்டும் ஒன்னுமே நடக்கலீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீ நடிக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?" என்று நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கடலை பெல்மதுளை வரை ஏற்றத் தெரிந்த எனக்கு ஒரு லயத்தைப் பத்தடி நகர்த்தத் தெரியவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். தோட்டத்தில் வளர்ந்தவன் கை தன்பாட்டில் பங்களாவை மேலேயும் லயத்தைக் கீழேயும் வைக்கும்போல. வெட்கமாக இருந்தது.

2. சாக்கில் வரைந்த தீவு

அடுத்த ஞாயிறு, 'நீ கேட்டது சரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்போ நீயே சொல்லு, ஆளுங்கள எங்க குடிவைக்கலாம்?" என்றேன்.

"பழைய நர்சரி மேட்டுலங்க" என்றாள் யோசிக்காமல். "அங்கிட்டு தண்ணி ஏறாது. மண்ணும் நல்ல இறுக்கம்."

தேயிலைக் கன்று வளர்ப்பதை நிறுத்திய பிறகு சும்மா கிடந்த மேடு அது. மேடைக்குப் பின்னால் கட்டும் திரைக்காகப் பழைய சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, அதில் தோட்டத்தை உள்ளபடியே வரைந்தோம். ஆற்றுத் தண்ணீரை நான் நேரே மேலே ஏற்றி நீல பெயின்ட் அடிக்கப் போனேன். புஷ்பம் தடுத்தாள்.

"அப்புடி வராதுங்கய்யா. மொதல்ல வாழத்தோப்பச் சுத்திப் போகும். நாங்க ஆத்தப் பாத்துக்கிட்டு நிப்போம், அது முதுகுப் பக்கமா வந்து அடிக்கும்."

கொழுந்தில் எத்தனை வீதம் ஈரம் என்று தொட்டுச் சொல்பவன் நான். அரை மைலில் இருக்கும் ஆறு எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கதவில் முழங்கால் அளவு, எந்தக் கதவில் இடுப்பளவு என்று அவள் சொல்லச் சொல்லக் கோடு போட்டேன். பிறகு மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. பங்களாவைப் பிள்ளைமடுவம் ஆக்கி, தாய்மார் வேலைக்குப் போனதும் தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் அங்கே தூங்க வைத்தார்கள். பெரட்டை எடுத்துவிடலாமா என்றேன்.

"இருக்கட்டுங்க. ஆனா இன்னைக்கி என்ன வேலைன்னு நாங்க சொல்றோம், தொர எழுதிக்கிறட்டும்" என்றாள் புஷ்பம்.

3. முன்வரிசை

ஒத்திகையை எட்டிப் பார்த்த தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தொர முன்வரிசையில உக்காந்து பாக்கப் போறாரு. அவர் பங்களாவ பிள்ளைமடுவமாக்கி வச்சிருக்கீங்க. தோட்டம் குடுத்த உங்க குவாட்டர்ஸ காலி பண்ண எத்தன நாள் வேணும்னு இப்பவே சொல்லிருங்க."

பயந்துவிட்டேன். மகளுக்கு அந்த வருடம் பரீட்சை. அந்தக் காட்சியை வெட்டி, திரையையும் சுருட்டி வைக்கச் சொன்னேன். புஷ்பம் சண்டை போடவில்லை.

"சரிங்கய்யா. உங்க குவாட்டர்ஸ் மேட்டுல இருக்கு. எங்களுக்குத்தானே இந்தக் கத வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு ட்ரையரில் தூள் கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே போய், "எல்லாத்தையும் இருந்தபடியே நடிங்க" என்றேன்.

திருவிழா அன்று பின்னேரம் நாடகம். பங்களாவில் குழந்தைகள் தூங்கியபோது சனம் விசிலடித்தது. உடனே எல்லாத் தலையும் துரையின் பக்கம் திரும்பியது. மனிதர் சிரிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. முடிந்ததும் மேடையேறி நேரே திரையிடம் போனார். நீலக் கோட்டில் விரலை வைத்து, "மே வத்துர மெச்சர எனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார். இந்தத் தண்ணீர் இவ்வளவு தூரம் வருமா என்று.

நான் வாய் திறப்பதற்குள் புஷ்பம் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: "எனவா மஹத்தயா. ஹெமதாம எனவா." எப்போதும் வருகிறது என்று சொல்லி, ஒவ்வொரு வீடாகத் தொட்டுக் காட்டினாள்.

தலைவர் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. "நாங்க கடிதத்துல எழுதுனதுதாங்க சேர் இது" என்றார். மறுநாள் துரை அவர்கள் இருவரோடும் ஆற்றோரம் முழுக்க நடந்தார். ஒரே நாளில் எதுவும் நடந்துவிடவில்லை. தலைவர் ஒரு வருடத்துக்கு மேல் ஆபீஸ் வாசலில் ஏறி இறங்கினார். கடைசியில் நர்சரி மேட்டில் பன்னிரண்டு துண்டு நிலம் அளந்து கொடுத்தார்கள். தகரமும் மரமும் தோட்டம் தந்தது. சுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கூலியில்லாமல் சிரமதானமாகக் கட்டினோம். நான் குழைத்த சீமெந்தைப் பார்த்து மேசன்மார் என்னைத் தண்ணீர் சுமக்க அனுப்பினார்கள்.

4. நான் படித்துக்கொண்டது

அழிவை எழுதுவது சுலபம். கடலை ஒரே வரியில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகு ஆட்களை எங்கே குடிவைக்கிறோம் என்பதில்தான் எழுதுகிறவனின் வண்டவாளம் தெரியும். அதை மேட்டில் இருந்துகொண்டு நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் ஏறும் வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் சொல்வதை எழுதுங்கள். உங்கள் பெருமை கொஞ்சம் குறையும், கதை உருப்படும்.

சில வருடம் கழித்து அந்தப் பெருமழை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபேக்டரியை நிறுத்திவிட்டு நர்சரி மேட்டுக்கு ஓடினேன். கீழே ஆறு வாழைத்தோப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கமாகத்தான் வந்தது. ஆளில்லாத கீழ் லயத்தின் கூரை மட்டும் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. தலைவர் பன்னிரண்டு குடும்பத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் "இருக்கோம்" என்று குரல் வந்தது. கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒருவர் குறையவில்லை. நான் மழையில் நின்று அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

புஷ்பம் என் பக்கத்தில் வந்து நின்று கீழே பார்த்தாள்.

"எதுக்குங்கய்யா அழுவுறீங்க? நீங்க எழுதுன தண்ணி இதவிட எவ்வளவு ஒசரம். அதுலயே நாங்க பொழச்சுக் காட்டுனோமே."